சூசையப்பருக்குள் ஒரு தாழ்ப்பாள்

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. டாக்டரிடம் போய் வயிறு வலிக்கிறது என்றால் வயிற்றில் கை வைப்பதில்லை, ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா என்கிறார். எடுத்துக்கொண்டு போனால் ஸ்கேனைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை. கத்தரிக்காயைப் போனில் வாங்குகிறார்கள். வந்த பிறகு சொத்தை என்று போனிலேயே திட்டுகிறார்கள். கையில் எடுத்து ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். கை என்பது போனைப் பிடித்துக்கொள்ள ஆண்டவர் செய்து கொடுத்த ஸ்டாண்டு என்று இவர்களுக்கு நினைப்பு.

என் பெயர் ஆஸ்டின். ஐந்தாவதோடு நின்றவன். கதவு, ஜன்னல் வேலை. சாந்தோம் பக்கம், கடலுக்கு இரண்டு தெரு முன்னால், கிளிஞ்சல் சந்தில் வீடு. சந்து முனையில், தச்சரான சூசையப்பரின் சிற்றாலயம். உள்ளே இருக்கும் சுரூபம் மாங்கட்டையில் செய்தது, நாலடி உயரம். ஒரு கையில் பூ வைத்த கோல், இன்னொரு கையில் தச்சர் மூலைமட்டம்.

மே ஒன்றாம் தேதி திருவிழா. எட்டு பேர் சப்பரத்தைத் தோளில் தூக்கிச் சந்தைச் சுற்றி வருவோம். அன்று காலை சந்தில் எவனும் தன் வேலைச் சாமானைச் சூசையப்பரின் வலது கால் கட்டைவிரலில் வைத்து எடுக்காமல் வேலைக்குப் போகமாட்டான். நான் உளியை வைப்பேன். கய்யூம் பாய் ஆட்டோ சாவியை வைப்பார். தையல்கார வைதேகி கத்தரிக்கோலை வைக்கும். பேங்கில் இருக்கும் மேத்யூ கழுத்தில் தொங்கும் அட்டையை வைப்பான். அதனால் அந்த விரல் தேய்ந்து வழவழவென்று, எண்ணெய் ஏறிய கறுப்பாக இருக்கும்.

போன வருஷம் திருவிழா முடிந்த வாரம் சுரூபத்தின் காலடியில் மாவு மாதிரி தூள் கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். உளு. வண்டு உள்ளே புகுந்துவிட்டது. பங்குத் தந்தை ஃபாதர் பிலிப்பிடம் சொன்னேன். "ஃபாதர், ஓட்டை ஓட்டையா ஊசில மருந்து ஏத்தி மெழுகு வெச்சு அடைச்சிட்டா போதும். ஒரு மத்தியானம் வேல."

ஃபாதர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அடையாறில் ஒரு மையம். பெயர் ஒரு முழம்: ஊடுருவா மரபுப் படிமவியல் உயர் ஆய்வு மையம்.

"ஆஸ்டின், நம்ம சுரூபம் ரொம்பப் பழசாம். அவங்க எடுத்துட்டுப் போறாங்க. ஊசி கிடையாது, உளி கிடையாது. தொடாமலே பாத்துருவாங்க. மூணே வாரம்."

"பாத்துட்டு?"

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "பாத்துட்டு... பாத்துருவாங்க."

மையத்துக்காரர்கள் பதினாறு பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் வெள்ளை உறை. உறை போட்டுத் தொட்டால் தொட்டது ஆகாதாம். வருஷா வருஷம் தூக்குகிற நாங்கள் எட்டு பேரும் சுவரோரம் நின்று பார்த்தோம். வாசல்வரை கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் ஒருத்தருக்கு மூக்கு அரித்து, சொறிந்துவிட்டார். உடனே அவருடைய உறையைக் கழற்றி ஒரு பையில் போட்டுச் சீல் வைத்து, புதிய உறை வரும்வரை எல்லாரும் சூசையப்பரைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ஜொவிட்டா பின்கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த அம்மிக்குழவியைக் காலால் நகர்த்திக்கொண்டே கேட்டாள். "எடுத்துனு போய்ட்டாங்களா? என் தாழ்ப்பாளும் கூடவே போச்சா?"

இது நீண்ட நாள் சண்டை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், சப்பரம் கிளம்ப அரை மணி இருக்கும்போது, சூசையப்பரின் கை தோளோடு கழன்று தொங்கியது. கடை எல்லாம் அடைப்பு. நான் வீட்டுக்கு ஓடி, பின்கதவுத் தாழ்ப்பாளைப் பிடுங்கிக்கொண்டு போய், முதுகைக் கொஞ்சம் குடைந்து உள்ளே வைத்துக் கையோடு சேர்த்து முறுக்கி, மேலே மக்கு பூசிப் பெயின்ட் அடித்தேன். கை நின்றது. சப்பரம் போனது. ஜொவிட்டா மட்டும் வேறு தாழ்ப்பாள் வைக்கவிடவில்லை. எடுத்தவரே திருப்பித் தரட்டும் என்று இன்றுவரை அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று வாரம் மூன்று மாதமானது. நான் பஸ் ஏறி அடையாறு போனேன்.

மையத்தின் வாசலில் ஒரு செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் கோல் மாதிரி, இரும்பைத் தேடுகிற ஒரு கருவி. உடம்போரமாக மேலும் கீழும் ஓட்டினார். என் சட்டைப் பையில் இருந்த திருப்புளிக்குக் கத்தியது. வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே போனதும் இன்னொருவர் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்து ஒட்டுப் பட்டை ஒட்டினார்.

"எதுக்கு நைனா? நான் இன்னா திருடனா?"

"எல்லா விசிட்டருக்கும் இதான் ரூல் பெரியவரே. ஆர்வத்துல கை போயிடும்."

சூசையப்பர் ஒரு கண்ணாடி அறையில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி ஆஸ்பத்திரியில் இருப்பது போல நாலைந்து பெரிய மிஷின்கள். காலடியில் வெள்ளைத் துணி. துணியில் தூள். போன தடவை நான் பார்த்தது ஒரு சிட்டிகை. இப்போது ஒரு கைப்பிடி.

இயக்குநர் முனைவர் வெங்கடரமணன் வந்தார். அவர் கும்பிடு போடும்போதுகூட இரண்டு உள்ளங்கையும் ஒட்டாது. நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஸ்ரீலக்ஷ்மி என்ற பெண்ணைப் படம் காட்டச் சொன்னார். திரையில் சூசையப்பர் பேய் மாதிரி வெளிறித் தெரிந்தார். நெஞ்சுக்குள் என் தாழ்ப்பாள்.

"பாருங்கள்," என்றார் இயக்குநர். "பதினேழாம் நூற்றாண்டுப் பூட்டு. போர்த்துகீசிய வேலைப்பாடு. இதற்குப் பக்கத்திலேயே ஒரு வெற்றிடம், எலுமிச்சம்பழ அளவு. பூட்டு இருந்தால் என்ன அர்த்தம்? எதையோ பூட்டியிருக்கிறார்கள். அது ரகசியப் புனித அறை."

"சார், அது எங்க வூட்டுப் பின்கதவு தாழ்ப்பாளு. நான்தான் வெச்சேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். "வெச்சேன் என்றால், பொருளைத் தொட்டீர்களா?"

"தொடாம எப்பிடி சார் வெக்கிறது?"

"ஸ்ரீலக்ஷ்மி, குறித்துக்கொள்ளுங்கள். இவர் பொருளோடு நேரடித் தொடர்பு கொண்டவர். மாசுபட்ட சாட்சி. இவர் சொல்வது எதுவும் அறிக்கையில் வரக்கூடாது."

"பக்கத்துல இருக்குற ஓட்டை உளு சார். வண்டு தின்னுது. கீழ பாருங்க, தூளு."

"அது பொருளிலிருந்து தானாக வெளிப்படும் துகள். தினமும் சேகரிக்கிறோம்." அலமாரியைக் காட்டினார். கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த அலமாரிக்குத் தனியாக ஏசி. சூசையப்பருக்கு ஏசி இல்லை.

பெயின்ட்டையும் அலசியிருந்தார்கள். பத்தாவது பூச்சு நீலம் எங்கோ வடக்கே மலையில் வெட்டி எடுத்த கல்லைப் பொடி செய்து கப்பலில் கொண்டுவந்ததாம். ரேஷன் கடைக் கதவுக்கு அடித்ததில் மிஞ்சிய அரை டப்பா அது. மாசுபட்டவன் சொன்னால் எடுபடாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கால் கட்டைவிரலைக் காட்டி, "எலி கடித்த சேதம், முக்கியத்துவம் இல்லை" என்று அந்தப் பெண் படித்தபோது பொறுக்கவில்லை.

"அம்மா, அது நாங்க தொட்டுத் தொட்டுத் தேஞ்சது!"

"அதைத்தான் சொல்கிறோம்," என்றார் இயக்குநர். "சேதம்."

அவர் போன பிறகு ஸ்ரீலக்ஷ்மி குரலைத் தாழ்த்தியது. "எனக்குத் தெரியாதா மாமா? எங்காத்து ஊஞ்சப் பலகையும் இப்படித்தான் உளுத்துப் போச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல ஓட்டைக்கு மூணு வகைதான் குடுத்துருக்கா. புனித அறை, செஞ்சவா விட்ட இடைவெளி, வார்ப்புக் குறை. பூச்சின்னு ஒண்ணு கிடையாது. எதையாவது அமுக்கினாத்தான் அடுத்த பக்கம் வரும்."

"நீ எத்த அமுக்குன?"

"முதல்ல இருக்கறத."

வீட்டில் வந்து சொன்னேன். நம் தாழ்ப்பாள் முந்நூறு வருஷத்துக்கு மேல் பழையதாம் என்றேன். ஜொவிட்டா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"அப்போ நமக்குக் கல்யாணம் எப்போ ஆச்சுன்னு அந்த மிஷின்ல கேட்டியா? எனக்கே அப்பிடித்தான்யா கீது, முந்நூறு வருஷம் ஆன மாதிரி."

அதன் பிறகு மாதம் ஒரு தடவை போனேன். நவம்பரில் வெற்றிடம் மாதுளம்பழ அளவுக்கு வந்திருந்தது. ஜனவரியில் தேங்காய். பயந்து மருந்து போடுவார்கள் என்று நினைத்தேன். மையத்தில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். உலகத்திலேயே வளர்கிற புனித அறை இது ஒன்றுதானாம். இயக்குநர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, மூன்று ஊர்களுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று, திரையில் ஓட்டையைப் பார்த்து, "ஆகா" என்றது. பக்கத்துக் கண்ணாடி அறையில் சுரூபம் நின்றது. அந்தப் பக்கம் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

பிப்ரவரியில் அந்த வண்டே வெளியே வந்தது. சூசையப்பரின் தாடியிலிருந்து இறங்கி, மூலைமட்டத்தின் மேல் வந்து, எல்லாரும் பார்க்க நின்றது. நான் கத்தினேன்.

"இதோ சார்! இவன்தான்! அடிங்க!"

"சத்தம் போடாதீர்கள். அதிர்வும் ஒரு வகைத் தொடுகைதான்." இயக்குநர் மிஷினைத் திருப்பச் சொன்னார். வண்டை நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். பொருளுக்குள்ளிருந்து கிடைத்ததால் அதுவும் பொருளின் பகுதியாம். அதற்கு ஒரு பதிவு எண் கொடுத்து எழுதி வைத்தார்கள். எழுதி முடிப்பதற்குள் வண்டு மறுபடியும் கழுத்து வழியாக உள்ளே போய்விட்டது. பதிவுப் புத்தகத்தில் "இருப்பில் உள்ளது" என்று போட்டுக்கொண்டார்கள்.

"சார், ஒரே ஒரு ஊசி மருந்து," என்று கெஞ்சினேன். "நான்கூட வேணாம். நீங்களே உறை போட்டுக்கினு போடுங்க. மே ஒண்ணாந்தேதி அவரு சப்பரத்துல ஏறணும்."

இயக்குநர் பொறுமையாகத்தான் பேசினார். "பெரியவரே, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் ஊசி என்பது ஊடுருவல். எங்கள் மையத்தின் பெயரிலேயே ஊடுருவா என்று இருக்கிறது. ஊசி போட வேண்டுமென்றால் முதலில் பெயரை மாற்ற வேண்டும். பெயரை மாற்ற ஒரு குழு அமைக்க வேண்டும். இருக்கிற ஆட்களை வைத்து எல்லாக் குழுவையும் அமைத்துவிட்டோம், இனி ஆள் இல்லை."

"அப்போ அவரு செத்துடுவாரு சார்."

"அதையும் துல்லியமாகப் பதிவு செய்வோம்."

ஒரு வழியாக ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி ஒப்படைப்பு விழா என்று கடிதம் வந்தது. எனக்குச் சந்தோஷம். இரண்டு நாளில் மருந்து ஏற்றி, மெழுகு அடைத்து, நெஞ்சுக்குள் ஒரு கட்டையைச் செருகிவிட்டால் இந்த வருஷச் சப்பரத்துக்குத் தாங்குவார். ஊசி, மருந்து, மெழுகு எல்லாம் வாங்கி வீட்டில் வைத்தேன். மருந்து நாற்றம் வருகிறது என்று ஜொவிட்டா அதைப் பின்கதவுக்கு வெளியே வைத்தாள். ஃபாதர், நான், சப்பரம் தூக்குகிற மற்ற ஏழு பேர், எல்லாரும் கய்யூம் பாயின் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

மேடை நடுவில் சூசையப்பர். சுற்றிக் கயிறு. எங்களை முதல் வரிசையில், கையைப் பின்னால் ஒட்டி, உட்கார வைத்தார்கள். ஃபாதருக்குக்கூட விலக்கு இல்லை. கிட்டத்தில் இருந்ததால் நன்றாகப் பார்த்தேன். உடம்பெல்லாம் வண்டு போட்ட ஊசித் துளை. கழுத்தோரம் பெயின்ட் உப்பியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே நின்றுகொண்டிருந்தது மரமே இல்லை. வருஷா வருஷம் நான் அடித்த எனாமல் பூச்சு, முட்டை ஓடு மாதிரி, தன் போக்கில் நின்றுகொண்டிருந்தது.

இயக்குநர் மைக்குக்குப் போனார்.

"இந்த மாபெரும் கலைப்பொருள் முந்நூறு ஆண்டுகளாகப் பாமர மக்களின் கைகளில் சிக்கியிருந்தது. அவர்கள் தொட்டார்கள். தூக்கினார்கள். பெயின்ட் அடித்தார்கள். அப்படியும் எப்படியோ பிழைத்திருந்தது. பதினோரு மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்து சேர்ந்தது. இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு மனித விரல்கூட இதன் மேல் பட்டதில்லை. நாற்பது கோடிப் புள்ளிகளில் படம் எடுத்திருக்கிறோம். இதன் உள்ளே இருந்த அறை, எங்கள் பராமரிப்பில், பத்து மடங்கு பெரிதாகியிருக்கிறது! இன்று இந்தப் பொருளில் அறைதான் அதிகம், பொருள் குறைவு. இப்படி ஒரு சாதனையை எந்த நாட்டு மையமும் செய்ததில்லை!"

மையத்து ஆட்கள் உறை போட்ட கையால் தட்டினார்கள். புறா பறப்பது போல மெத்தென்று ஒரு சத்தம். அதற்குச் சூசையப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெரியவருக்கு உறை கொடுக்க மறந்துவிட்டார்கள். ரிட்டையர் ஆன பெரிய அதிகாரி, வாழ்நாள் முழுக்க விழாக்களில் கைதட்டிப் பழகியவர். எழுந்து நின்று, மைக்குக்கு நேராக, பட் பட் பட் என்று தட்டினார்.

சூசையப்பர் இறங்கினார். அரிசி மூட்டையின் தையல் பிரிந்தால் ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் தூசி. அடங்கிப் பார்த்தால் மேடையில் ஒரு குவியல். அதன் மேல் என் தாழ்ப்பாள், மினுக் மினுக்கென்று.

ஃபாதர் பிலிப் சிலுவை போட்டுக்கொள்ளப் பார்த்தார். கை பின்னால் கட்டியிருந்ததால் தோளை மட்டும் ஆட்டினார்.

"ஸ்ரீலக்ஷ்மி," என்றார் இயக்குநர். மைக் இன்னும் அவர் வாயருகே இருந்தது. "யாராவது தொட்டார்களா?"

"இல்ல சார்."

"பதிவு செய்யுங்கள்."

பெருமூச்சு விட்டார். முகத்தில் தெளிவு வந்தது. "நண்பர்களே, பதற்றம் வேண்டாம். பழம்பொருள் பாதுகாப்பில் ஒரே ஒரு சிக்கல்தான், அந்தப் பொருள். அது இருக்கிறவரை அழியுமோ என்ற கவலையும் இருக்கும். இன்றோடு அந்தக் கவலை இல்லை. நம்மிடம் நாற்பது கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. திருவிழாவுக்கு ஒளிப் படிமமாகவே அனுப்பி வைக்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சத்தில் நிற்பார். உளுக்காது, தேயாது."

மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை பயமில்லாமல் எல்லாரும் நன்றாகவே தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "சார், ஒரு கேள்வி. வெளிச்சத்தைத் தூக்க எட்டு பேரு எதுக்கு?"

"தூக்க வேண்டியதில்லையே. அதுதான் வசதி."

"மே ஒண்ணாந்தேதி வர்றவன் உளிய எதுமேல வெப்பான்? சாவிய எங்க வெப்பான்?"

"கண்ணாடியைத் தொடக்கூடாது," என்றார்.

அதற்குள் எல்லாரும் மேடைக்கு ஓடியிருந்தார்கள். குவியலுக்கு இல்லை, தாழ்ப்பாளுக்கு. புனித அறையின் பூட்டு தானாகவே வெளிப்பட்டுவிட்டது என்று ஒருத்தர் கத்தினார். வெல்வெட் தட்டு வந்தது. இடுக்கி வந்தது. நூறு போன்கள் மேலே எழும்பின. என் கையில் இருந்த ஒட்டுப் பட்டையை யாரோ அவிழ்த்தார்கள். திரும்பினால் ஸ்ரீலக்ஷ்மி. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். மாவு. முழங்கைவரை மாவு. அப்புறம் ஏதோ ஒன்று கெட்டியாகத் தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்தேன். வலது பாதத்தின் முன்பாதி. ஐந்து விரலும் இருந்தன. ஒரு துளைகூட இல்லை. இத்தனை வருஷம் உளியின் எண்ணெய், சாவியின் கிரீஸ், ஊர் வியர்வை எல்லாம் ஊறிய கட்டை. வண்டு வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். எலி கடித்த சேதம், முக்கியத்துவம் இல்லை. பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஃபாதர் பார்த்துவிட்டார். பைபிள் வாசிக்கும் குரலில், "ஆஸ்டின், எடுத்தது என்ன?" என்றார்.

"நம்மளோடதுதான் ஃபாதர். சப்பரத்துல ஒரு பலக போட்டு வெச்சுக்கலாம். எட்டு பேரு தூக்குற அளவுக்குக் கனம் இல்ல. ஆனா தூக்கலாம்."

ஃபாதர் தன் கையில் இருந்த பட்டையைப் பிரிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

இயக்குநர் மைக்கில் அழைத்தார். போட்டோவுக்கு மாசுபட்ட சாட்சியும் ஓரமாக நிற்கலாமாம். தாழ்ப்பாளை மூன்று அடுக்குக் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறார்களாம். ஜொவிட்டாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நான் வாசலுக்கு நடந்தேன்.

செக்யூரிட்டி என் திருப்புளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோலை எடுத்து மேலிருந்து கீழே ஓட்டினார். பேன்ட் பை உப்பிக்கொண்டு, ஓரத்தில் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் பையைப் பார்க்கவில்லை. கோலைத்தான் பார்த்தார். அது சத்தம் போடவில்லை.

"ஒண்ணும் இல்ல. போ பெரியவரே," என்றார்.

மிஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. பைக்குள் கையை விட்டுக் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டு, மயிலாப்பூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.